விளக்கைப் போடச் சொன்ன குரல் எந்த அறையிலிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குரலால் இயங்கும் வீட்டுக் கருவிகள் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பலருக்கும் பயன்படும் கட்டுரைதான். ஆனால் அறையின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே "லைட்டைப் போடு" என்றால் எந்த அறை லைட் எரிய வேண்டும் என்ற இடத்தை மட்டும், "அறைக்கொரு மோஷன் சென்சார் மாட்டினால் போதும்" என்று இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டது. இந்த வேலையின் தலைவலி முழுவதும் அந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது. அதை நம்பிச் சுவரில் துளை போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

மோஷன் சென்சார் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த அறையில் யாரோ அசைந்தார்கள். நமக்குத் தெரிய வேண்டியதோ பேசியவர் எங்கே என்பது. வீட்டில் ஒரே ஆள் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஹாலில் ஒருவர் நடமாடிக்கொண்டிருக்க, படுக்கையறையில் படுத்திருப்பவர் "லைட்டை அணை" என்று சொல்லட்டும். சென்சாரை மட்டும் நம்பிய வீட்டில் ஹால் இருட்டாகும், படுக்கையறை லைட் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் குரலைக் கேட்ட மைக்கை. சென்சார்களெல்லாம் மைக்குகளுக்குள் தகராறு வந்தால் மட்டும் கூப்பிட வேண்டிய சாட்சிகள்.

அறைக்கொரு மைக் பெட்டி வைத்து, எந்தப் பெட்டி எந்த அறையைச் சேர்ந்தது என்று சர்வரில் (வீட்டுக் கருவிகளையெல்லாம் இணைத்து நடத்தும் கணினியில்) பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2023ஆம் ஆண்டைக் குரலுக்கான ஆண்டாக அறிவித்து வேலை செய்த ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளில் இது தயாராகவே இருக்கிறது. பெட்டிக்கு ஓர் அறையைக் குறித்துவிட்டால், பெயர் சொல்லாத கட்டளை அந்த அறையின் விளக்குகளுக்குப் போய்ச் சேரும். கதவுகள் மூடியிருக்கும் வீட்டில் இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. கதவு திறந்திருந்தால்தான் சிக்கல். ஹாலில் சொன்ன வேக் வேர்டு (பெட்டியை எழுப்பச் சொல்லும் அழைப்புச் சொல்) படுக்கையறைப் பெட்டிக்கும் கேட்கும், இரண்டும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும்.

அப்போது யாரை நம்புவது? சுலபமாகத் தோன்றும் வழி, முதலில் விழித்த பெட்டியை நம்புவது. ஹோம் அசிஸ்டென்ட் செய்வதும் அதைத்தான். அதே வேக் வேர்டுக்கு 2 விநாடிக்குள் இன்னொரு பெட்டி எழுந்தால் அதை இரட்டிப்பு என்று ஒதுக்கிவிடும். அருகில் இருக்கும் பெட்டிக்குத்தானே ஒலி முதலில் எட்டும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பக்கத்து அறைப் பெட்டி 5 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் 15 மில்லிவிநாடிதான் வித்தியாசம். வேக் வேர்டைக் கண்டறியும் ஓப்பன்வேக்வேர்டு போன்ற மென்பொருள் ஒலியை 80 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டித்தான் சோதிக்கிறது. அந்த 80 மில்லிவிநாடியில் ஒலி 27 மீட்டர் போய்விடும். அதாவது வீட்டைத் தாண்டி, தெருவுக்கே போயிருக்கும். அதோடு வைஃபையின் தாமதமும் சேர்ந்தால், எது முதலில் எழுந்தது என்பது பூவா தலையா போடுவதற்குச் சமம். பெட்டிகளின் கடிகாரங்களை ஒத்துப்போக வைத்து ஒலி வந்த நேரத்தை அளக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1 மில்லிவிநாடிப் பிழைக்கு 34 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, வைஃபை வழியாகச் சரிசெய்யப்படும் கடிகாரம் பல மில்லிவிநாடிகள் தள்ளாடும் என்பதையும் பார்த்தால், அந்தப் பாதையில் போகாமல் இருப்பதே நல்லது.

ஒலியின் அளவை ஒப்பிடுவதே நம்பத் தகுந்தது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது பள்ளிப்பாடம். அறைக்குள் அந்தப் பாடம் கொஞ்ச தூரம்தான் செல்லும். 40 கன மீட்டர் கொள்ளளவுள்ள, எதிரொலி அரை விநாடி நீடிக்கும் ஓர் அறையில் வாயிலிருந்து முக்கால் மீட்டர் தாண்டினாலே நேரடி ஒலியைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மிஞ்சிவிடும். அதற்கப்பால் 2 மீட்டரில் இருந்தாலும் 4 மீட்டரில் இருந்தாலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே ஒலி அளவை வைத்துத் தூரத்தைக் கணக்கிட முடியாது. அறையைத்தான் சொல்ல முடியும், அதுவும் இடையில் சுவரோ கதவோ ஏதாவது தடுப்பதால்தான். எத்தனை மீட்டரில் ஆள் இருக்கிறார் என்று காட்டுவதாகச் சொல்லும் நிரல்களை இந்த விஷயத்தில் பொருட்படுத்த வேண்டாம்.

அளவை அளப்பதற்கு முன் மூன்று காரியம் செய்தாக வேண்டும். மைக் பெட்டிகளில் பெரும்பாலும், மெல்லிய குரலைத் தானாகவே உயர்த்திக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கும். பேச்சைப் புரிந்துகொள்ள அது தேவை. ஆனால் அது தூரத்துக் குரலையும் பக்கத்துக் குரலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எனவே அந்த ஏற்பாட்டுக்கு முந்தைய மூல ஒலியில்தான் அளக்க வேண்டும். பலரும் அளவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்று கைவிடுவதற்கு இது ஒன்றே காரணம்.

அடுத்தது பின்னணி இரைச்சல். ஹால் பெட்டியின் அருகே மின்விசிறி ஓடுகிறது. மைக் பதியக்கூடிய உச்ச அளவை 0 என்று கொண்டால், வேக் வேர்டு ஒலித்த நேரத்தில் மொத்த அளவு மைனஸ் 40 டெசிபெல், அதற்கு முந்தைய 2 விநாடியில் வெறும் இரைச்சல் மைனஸ் 43 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களை அப்படியே கழிக்கக் கூடாது. இரண்டையும் திறனாக மாற்றி, கழித்து, மறுபடி டெசிபெல்லுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் குரலின் உண்மையான அளவு மைனஸ் 43 என்று வரும். அதாவது விசிறி அந்தப் பெட்டிக்கு 3 டெசிபெல் இனாமாகக் கொடுத்திருந்தது. நெருக்கமான போட்டியில் 3 டெசிபெல் தீர்ப்பையே மாற்றிவிடும்.

மூன்றாவது, பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு. ஒரே வகை மைக்கே ஒன்றிரண்டு டெசிபெல் முன்பின் இருக்கும். உறையின் துளை சிறிதாகவோ தூசியடைந்தோ இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஒரு போனில் சீரான இரைச்சலை ஓடவிட்டு, அதே ஒலி அளவில், ஒவ்வொரு பெட்டிக்கும் சரியாக 1 மீட்டர் முன்னால் பிடித்து 10 விநாடி அளந்து, வரும் வேறுபாட்டைத் திருத்தமாகச் சர்வரில் எழுதி வையுங்கள். அறை காலியாக, விசிறி நின்றிருக்கும்போது செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு இரு பெட்டிகளுக்கிடையே 6 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதிகம் உள்ள பெட்டியையே நம்பலாம். அதற்குக் கீழே இருந்தால், ஒலியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மூடிய கதவும் சுவரும் கீச்சென்ற உயர் அலைகளைத்தான் அதிகம் விழுங்கும். கும்மென்ற தாழ் அலைகள் கசிந்துவிடும். பக்கத்து அறைப் பேச்சு காதில் விழும், ஆனால் சொல் புரியாது என்பது அதனால்தான். 16 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 16,000 மாதிரிகளாக) பதிவாகும் ஒலியை, அதை அதிர்வெண் கட்டங்களாகப் பிரிக்கும் 512 புள்ளி அலைப் பகுப்பாய்வுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டமும் 31.25 ஹெர்ட்ஸ் அகலம். 8 முதல் 32 வரையிலான கட்டங்கள் 250 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை. 64 முதல் 192 வரையிலானவை 2000 முதல் 6000 வரை. முதல் கூட்டத்தோடு ஒப்பிட இரண்டாவது கூட்டம் எந்தப் பெட்டியில் அதிகமோ, அங்கேதான் நேர்க்குரல் விழுந்திருக்கிறது.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. மனிதக் குரலின் உயர் அலைகள் முகம் பார்க்கும் பக்கம்தான் பாயும். படுக்கையறையில் நின்று, திறந்த கதவைப் பார்த்தபடி, முதுகைச் சொந்த அறையின் பெட்டிக்குக் காட்டிக்கொண்டு பேசுகிறவரின் குரல் ஹால் பெட்டியில்தான் தெளிவாக விழும். மைக்கை எவ்வளவு நேர்த்தியாக அமைத்தாலும் இந்த ஒரு நிலையில் அது ஏமாறும். சென்சார்கள் வேண்டியிருப்பது இதற்குத்தான்.

சென்சாருக்குப் போகுமுன், போட்டியை நடத்தும் முறையைச் சொல்லிவிடுகிறோம். விழித்த ஒவ்வொரு பெட்டியும் சர்வருக்கு ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும்: அறையின் பெயர், குரல் அளவு, இரைச்சல் அளவு, உயர் தாழ் அலைகளின் விகிதம், வேக் வேர்டின் நம்பக மதிப்பெண். முதல் செய்தி வந்ததிலிருந்து 250 மில்லிவிநாடி சர்வர் காத்திருந்து தீர்ப்புச் சொல்லும். அதுவரை எந்தப் பெட்டியும் "பீப்" ஒலி எழுப்பக் கூடாது. ஆனால் எல்லாப் பெட்டிகளும் பதிவைத் தொடர வேண்டும். இல்லையென்றால் மூச்சுவிடாமல் பேசுகிறவர்களின் கட்டளையில் முதல் சொல் காணாமல் போகும். "ஹால் லைட்டை அணை" என்பது "லைட்டை அணை" ஆகிவிடும். 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒலி விநாடிக்கு 32,000 பைட். 3 விநாடிக்குச் சுழன்றுகொண்டே இருக்கும் பதிவுக்கு 96,000 பைட் போதும். இத்தகைய பெட்டிகளில் பயன்படும் ஈஎஸ்பி32-எஸ்3 சில்லுக்கு இது பெரிய சுமை இல்லை. கூடுதல் நினைவகம் உள்ள பலகையாக வாங்கினால் கவலையே வேண்டாம்.

இரண்டு பெட்டிகளும் சேர்ந்து பீப் அடிக்கின்றன என்பது அடிக்கடி வரும் புகார். நிரலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் வைஃபையின் மின்சேமிப்பைப் பாருங்கள். அந்தச் சேமிப்பு இயங்கும்போது பெட்டி அவ்வப்போது கண்ணயரும். அது அனுப்பும் செய்தி உடனே போய்விடும். அதற்கு வரும் செய்தி மட்டும் அது மறுபடி கண் விழிக்கும்வரை ரவுட்டரிலேயே காத்திருக்கும். ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்கும் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லிவிநாடி. மூன்று அறிவிப்புக்கு ஒருமுறைதான் விழிப்பது என்று அமைந்திருந்தால், "நீ சும்மா இரு" என்ற சர்வரின் சொல் 300 மில்லிவிநாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். மைக் பெட்டி எப்படியும் சுவர் மின்சாரத்தில் ஓடுவதுதானே, மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

இனி சாட்சிகள். கட்டுரை சொன்ன மோஷன் சென்சார் உடல் வெப்பத்தின் அசைவைப் பார்ப்பது. அதற்குள் இரண்டு உணர்பகுதிகள் இருக்கும். வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தால்தான் அது எழும். அதனால் குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும், நேராக அதை நோக்கி வருகிறவரைத் தாமதமாகப் பிடிக்கும், உட்கார்ந்து படிப்பவரை மறந்தே போகும். வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல் பக்கச்சுவரில் மாட்டுவது இதற்காகத்தான். இன்னொரு தவறு, அசைவு நின்ற பிறகும் "ஆள் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தை 5 நிமிடம் என்று வைத்துவிடுவது. விளக்கு அணையாமல் இருக்க அது உதவும். ஆனால் அறையைக் கண்டுபிடிக்கும் வேலையில், 4 நிமிடத்துக்கு முன் வெளியேறியவரை இன்னும் உள்ளே இருப்பதாகக் காட்டும். இந்த வேலைக்கு "ஆள் உண்டா" என்ற நிலையைப் பார்க்காதீர்கள். கடைசியாக எந்த நொடியில் அசைவு தெரிந்தது என்ற நேரத்தைப் பாருங்கள்.

உட்கார்ந்திருப்பவரையும் படுத்திருப்பவரையும் பிடிக்க 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வேண்டும். எல்டி2410 என்ற சிறு பலகை மூச்சுவிடும் நெஞ்சின் அசைவையே கவனித்துவிடும். 5 வோல்ட் மின்சாரம், விநாடிக்கு 256000 பிட் வேகத்தில் தொடர் இணைப்பு, அவ்வளவே. அது தன் முன்னால் உள்ள தூரத்தை 0.75 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அசையும் ஆளுக்கு ஒரு வரம்பு, அசையாத ஆளுக்கு ஒரு வரம்பு என்று தனித்தனியாக வைக்கலாம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் இரண்டு தொல்லை வரும். ஒன்று, மின்விசிறியையும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைக்கும். ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிட்டு, விரிவான அளவீட்டு நிலையில் 2 நிமிடம் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் கவனித்து, அதில் வரும் உச்சத்துக்கு 10 முதல் 15 புள்ளி மேலே வரம்பை வைத்தால் இது அடங்கும். மற்றொன்று, மெல்லிய பலகைத் தடுப்பு, மரக்கதவு, கண்ணாடி ஆகியவற்றை ரேடார் ஊடுருவும். 3.6 மீட்டர் நீள அறையில் ஐந்து கட்டங்களைத் திறந்துவைத்தால் 3.75 மீட்டர் வரை பார்க்கும். சுவருக்கு அந்தப்புறம் சாய்ந்திருப்பவரும் இந்த அறைக் கணக்கில் வந்துவிடுவார். நான்கோடு நிறுத்துங்கள், அல்லது ஐந்தாவதன் வரம்பை நன்றாக உயர்த்துங்கள்.

ஹாலும் சமையலறையும் இடையில் சுவரில்லாமல் ஒரே வெளியாக இருந்தால் மைக் ஒப்பீடு அநேகமாகக் கைகொடுக்காது, தடுப்பு ஏதும் இல்லையே! அங்கே எல்டி2450 என்ற இன்னொரு ரேடார் பலகை பொருத்தம். மூன்று பேர்வரை ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைக் குறுக்குத் தூரம், நெட்டுத் தூரம் என்று இரண்டு எண்ணாகத் தரும். தரையில் ஒரு கற்பனைக் கோடு போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஹால், அந்தப் பக்கம் சமையலறை என்று பிரித்துக்கொள்ளலாம். கோட்டின் மேலேயே நிற்பவருக்காக அரை மீட்டர் தயக்கப் பகுதி விடுவது அவசியம். இல்லாவிட்டால் ஒரே ஆள் நொடிக்கு நொடி அறை மாறிக்கொண்டிருப்பார்.

போனின் புளூடூத் சமிக்ஞையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதும் பரவலான யோசனை. இது எவ்வளவு நழுவும் என்பதை ஒரே கணக்கில் காட்டிவிடலாம். 1 மீட்டரில் மைனஸ் 59 டிபிஎம் (சமிக்ஞை வலிமையின் டெசிபெல் அலகு) என்று பதிவாகும் சமிக்ஞை இப்போது மைனஸ் 75 என்று வருகிறது. தடையில்லாத வெளி என்று கொண்டு கணக்கிட்டால் 6.3 மீட்டர். தூரம் கூடக்கூடச் சமிக்ஞை குறையும் அடுக்கெண் திறந்த வெளியில் 2, அதை வீட்டுக்குள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 3 என்று வைத்தால் 3.4 மீட்டர். அதே ஆள், அதே இடத்தில், போனை முன்பையிலிருந்து பின்பைக்கு மாற்றுகிறார். உடம்பு குறுக்கே வந்து 10 டெசிபெல் குறைகிறது. கணக்கு இப்போது 7.4 மீட்டர் என்கிறது. ஆள் ஓர் அடிகூட நகரவில்லை, மென்பொருள் அவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டது. போதாததற்குப் பல போன்கள் தங்கள் புளூடூத் முகவரியைச் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். மாறும் முகவரிகளெல்லாம் ஒரே போனுடையவை என்று காட்டும் அடையாளச் சாவியை எடுத்துச் சர்வரில் சேர்க்காவிட்டால் ஒரே போன் நாள் முழுக்கப் புதுப்புது ஆளாகத் தெரியும். சார்ஜில் போட்டுவிட்டுப் போன போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைக்கடிகாரம் பரவாயில்லை, அது ஆளோடு போகும். எப்படியானாலும் வீட்டில் இருப்பவர் யார் என்பதற்குப் புளூடூத் உதவும், எந்த அறை என்பதற்கு அதைக் கடைசிச் சாட்சியாகவே வையுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவான சாட்சியைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. அது கதவில் மாட்டும் காந்த சுவிட்ச். கதவு மூடிய பிறகு உள்ளே ஓர் அசைவு தெரிந்தால், கதவு மறுபடி திறக்கும்வரை உள்ளே ஆள் இருக்கிறார் என்பது உறுதி. அவர் சிலைபோல உட்கார்ந்திருந்தாலும் சரி. டப்பாவில் மாட்டிய குளவி என்று வேடிக்கையாக இதற்குப் பெயர் உண்டு. மூடி திறக்காமல் குளவி எங்கே போகும்? குளியலறைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு கவனம்: கதவு மூடிய உடனே, வெளியேறியவரின் கடைசி அசைவைச் சென்சார் பிடித்துவைத்திருக்கும். மூடிய பின் சென்சார் ஒருமுறை அடங்கி, மறுபடி எழுந்தால்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாட்சிகளைச் சேர்ப்பதில் எல்லோரும் செய்யும் பிழை, எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பது. மைக்கின்படி ஹாலுக்கும் படுக்கையறைக்கும் வாய்ப்பு 2க்கு 1. ஹால் ரேடார் காலி என்கிறது, படுக்கையறை ரேடார் ஆள் உண்டு என்கிறது. ரேடார் பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்லும், மற்ற அறையில் வேறொருவர் இருக்கும் வாய்ப்பு பத்தில் நான்கு என்று வைத்துக் கணக்கிடுவோம். பேசியவர் ஹாலில் இருந்தால் ஹால் ரேடார் காலி என்று சொல்ல வாய்ப்பு 10 சதவீதம். அவர் படுக்கையறையில் இருந்தால் 58 சதவீதம். ஆகவே இந்தச் சாட்சி படுக்கையறைப் பக்கம் தட்டைக் கிட்டத்தட்ட 6 மடங்கு இழுக்கிறது. படுக்கையறையில் ஆள் உண்டு என்ற சாட்சியோ 90க்கு 42, அதாவது 2 மடங்குதான். இரண்டும் சேர்ந்து 12 மடங்கு. மைக் ஹாலுக்குக் கொடுத்த 2க்கு 1ஆல் அதை வகுத்தால் படுக்கையறைக்கு 6க்கு 1. கவனியுங்கள், ஆள் இருக்கிறார் என்ற செய்தியைவிட ஆள் இல்லை என்ற செய்திதான் மும்மடங்கு கனம். வேறு யாராவது அங்கே இருக்கலாம் என்பதால் "உண்டு" எப்போதும் இளைத்த சாட்சி. 3க்கு 1ஐ எட்டாத தீர்ப்பை நிறைவேற்றாமல் "எந்த அறை?" என்று கேட்கச் செய்வது நல்லது.

பணம் செலவில்லாத இன்னொரு சாட்சி, விளக்கின் நிலையே. எரிந்துகொண்டிருக்கும் ஹாலில் நின்று "லைட்டைப் போடு" என்றால் ஹால் லைட்டையா சொல்கிறார்? இருட்டான அடுத்த அறைக்குள் காலெடுத்து வைத்தபடிதான் அதைச் சொல்லியிருப்பார். வாசலில் நின்று பேசுகிறவரின் குரல் பழைய அறையின் மைக்கில் விழுவதால் வரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு விதியால் தீர்ந்துவிடும். போடச் சொன்ன அறையில் ஏற்கெனவே எரிந்தால், அடுத்த மதிப்பெண் பெற்ற இருட்டறையைப் பார். அணைக்கச் சொன்னால் அதன் மறுதலை.

தமிழில் கட்டளை கொடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். பெயர் சொல்லிவிட்டால் ஊகம் எதுவும் தேவையில்லை, ஆனால் பெயரை நாம் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஹாலில், ஹால்ல, ஹாலுல, ஹாலோட என்று வேற்றுமை உருபு வாயில் கரைந்துவிடும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் லைட், லைட்டு, லைட்ட என்று ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக எழுதும். அறைக்கு ஒரே பெயரைப் பதிந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. சமையலறை, கிச்சன், கிச்சன்ல, அடுப்படி என்று வீட்டில் புழங்கும் வடிவம் அத்தனையும் மாற்றுப்பெயராகப் போக வேண்டும். "மேல இருக்கிற லைட்" என்பது கூரை விளக்கா, மாடி விளக்கா என்பதை எந்தச் சென்சாரும் சொல்லாது, அதை வீட்டார் கூடிப் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான். "எல்லா லைட்டையும்" என்று தொடங்கும் கட்டளை அறைக் கணக்கைத் தொடாமலே போக வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு சோதிக்காமல் விடாதீர்கள். நான்கு அறை, அறைக்கு ஐந்து இடம், இடத்துக்குப் பத்து முறை என்றால் 200 கட்டளை. ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஐந்தில் ஒன்று வாசற்படியாகவும், ஒன்று பெட்டிக்கு முதுகு காட்டும் நிலையாகவும் இருக்கட்டும். கதவு திறந்து பாதி, மூடிப் பாதி. நின்ற அறை ஒரு பக்கமும் சர்வர் சொன்ன அறை மறுபக்கமுமாகக் கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். தவறுகள் எல்லாக் கட்டத்திலும் சிதறிக் கிடந்தால் வரம்புகளைத் திருத்த வேண்டும். ஒரே ஜோடி அறைகளுக்குள் குவிந்திருந்தால் எண்களைத் தொடாதீர்கள், ஏதோ ஒரு பெட்டி தவறான இடத்தில் இருக்கிறது.

கதவுப் பூட்டு, வெந்நீர்க் கருவி, அடுப்பு, மோட்டார் இவற்றை ஒருபோதும் ஊகித்த அறையை வைத்து இயக்க விடக் கூடாது. பெயர் சொன்னால்தான் அவை இயங்க வேண்டும். விளக்கு தவறாக எரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அப்போதுகூட "அது இல்ல, ஹால்" என்று 10 விநாடிக்குள் சொன்னால், செய்ததைத் திருப்பிவிட்டு ஹாலில் செய்யும்படி அமைத்து, அந்தத் திருத்தத்தைக் குறித்தும் வையுங்கள். அந்தக் குறிப்புகளே அடுத்த சோதனைக்கான பட்டியல்.

கடைசியாக, பெட்டி வைக்கும் இடம். தரையிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் உயரம், விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் எட்டி, மூலையை விட்டு விலகி, வாசலிலிருந்து நேர்ப்பார்வை படாத சுவரில் இருக்க வேண்டும். கட்டுரையோடு அச்சான படத்திலோ மைக் பெட்டி இரு அறைகளுக்கும் நடுவே, திறந்த கதவு நிலைக்கு மேலே, நடையைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே மாட்டினால் இரண்டு அறையும் அதற்கு ஒரே அளவில் கேட்கும், மேலே சொன்ன ஒப்பீடு எதுவுமே எடுபடாது. அடுத்த பகுதி வெளிவரும்போது அந்தப் படத்தையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வீட்டுத் தானியங்கிக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் பணியாளர்கள் சிலர்